ஆணி இல்லை என்று எழுதினேன்

மதிப்பிற்குரிய ஆபரேட்டர் ஐயா அவர்களுக்கு,

நலம். நலமறிய ஆவல். தாங்கள் கேட்டு எழுதிய அந்தப் படத்தைப் போட்டுப் பார்த்த அன்று எங்கள் அலுவலகத்தில் இருந்தவர்கள் ஐந்து பேர். ஒற்றை சோஃபாவில் முதலாளி. அவருக்கு வலப்பக்கம், காலை நீட்டிக்கொள்ள வசதியாக, அவருடைய மாமியார். ஜன்னலோர நாற்காலியில் சப்டைட்டில் எழுதும் அம்மாள். டிவிக்கு நேர் எதிரே, தரையில் தலையணை போட்டு, என் மகள். வாசல் பக்கம், ரிமோட்டுடன், நான். எதையும் எழுதும் முன் யார் யார் இருந்தார்கள், எங்கே உட்கார்ந்தார்கள் என்று குறித்துவிடுவது பள்ளிக்கூட நாளிலிருந்தே என் வழக்கம்.

எங்கள் நிறுவனம் பழைய வெளிநாட்டுப் படங்களை மொத்தமாக வாங்கி, வீட்டில் பார்ப்பதற்கான டிஸ்க்காக வெளியிடுகிறது. படத்தைச் சரிபார்ப்பது, அத்தியாயம் பிரிப்பது, உறைக்கு வாசகம் எழுதுவது, வாடிக்கையாளர் கடிதங்களுக்குப் பதில் போடுவது எல்லாம் நான்தான். அச்சுக்குப் போகும் முன் 'குடும்பக் காட்சி' என்று ஒன்று உண்டு. வீட்டில் பார்க்கப்போகிற பொருளை வீட்டு மனிதர்கள் பார்த்தால்தான் குறை தெரியும் என்பது முதலாளியின் கொள்கை. அதற்கு ஊழியர்கள் வீட்டிலிருந்து ஆள் கூட்டி வர வேண்டும். மாமியார் எத்தனையாவது நிமிடத்தில் தூங்குகிறார் என்று நான் குறித்துக்கொள்ள வேண்டும். அரை மணி தாண்டினால் படம் தேறியது. இந்த இத்தாலியப் படத்துக்கு அவர் எழுபதாவது நிமிடம் வரை கண் கொட்டவில்லை. கம்பெனி சரித்திரத்திலேயே இல்லாதது.

கதை உங்களுக்குத் தெரியும். துறைமுக ஊரில் சலவைக்கடை வைத்திருக்கும் தாய், பதினாறு வயது மகன். ஒரு கோடையில் அவனுக்கு மீசை அரும்புகிறது, காதல் வருகிறது, வந்த வேகத்தில் போகிறது. தினமும் மாலையில் தாயும் மகனும் ஆளுக்கொரு முனை பிடித்து வெள்ளை விரிப்புகளை மடிக்கிறார்கள். ஒரு நாள் அவன் கப்பல் டிக்கெட் வாங்கிச் சட்டையின் உள்மடிப்பில் வைத்துத் தைத்துக்கொள்கிறான். பிறகு வீட்டுக்கு வருகிறான். "ஆறிப்போகுது, சாப்பிடு" என்கிறாள் தாய். அவன் சாப்பிடுகிறான். முற்றும்.

விளக்கைப் போட்டதும் என் மகள்தான் முதலில் வாயைத் திறந்தாள். "என்னப்பா இது? டிக்கெட்டைச் சட்டைக்குள்ள வெச்சுத் தெச்சான்ல? அப்புறம் ஒண்ணுமே நடக்காத மாதிரி உக்காந்து சாப்பிட்டா எப்படி?"

"அதாம்மா கலை. நமக்குப் புரியக் கூடாது," என்றார் முதலாளி.

மாமியார் அப்போதுதான் விழித்தார். "புள்ளைக்குப் பசிச்சிருக்கும். சாப்பிடாம என்ன பண்ணுவான்? நல்ல படம்."

"எனக்குக் குடுத்த வசனமும் அதோட முடிஞ்சுபோச்சு," என்றார் சப்டைட்டில் அம்மாள்.

நான் படிவத்தில் 'குறை ஏதுமில்லை' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

அதற்கு நான்கு நாள் முன்பு நான் தனியாக முழுப் படத்தையும் பார்த்திருந்தேன். சாப்பாட்டுக்குப் பிறகு இன்னும் ஆறு நிமிடம் இருக்கிறது. வசனமே இல்லை. கப்பல், புகை, மேல்தளத்தில் அந்தப் பையன். கரையில் தாய் இல்லை. அவள் சலவைக்கடையில் இருக்கிறாள். விரிப்பின் ஒரு முனையைச் சுவரில் உள்ள ஆணியில் மாட்டிவிட்டு, மறுமுனையைப் பிடித்துத் தனியாக மடிக்கிறாள். அழவில்லை. நன்றாகத்தான் மடிக்கிறாள்.

தாயில்லாத வீடு எங்களுடையது. மகளுக்குப் பதினெட்டு வயது. எங்கள் வீட்டிலும் விரிப்பை இரண்டு பேராகத்தான் மடிக்கிறோம். அவள் தொலைவில் ஒரு கல்லூரிக்குக் கட்டடக்கலை படிக்க விண்ணப்பித்திருந்தாள். இந்த நிலையில் ஒரு பெண்ணை நேர் எதிரே தலையணை போட்டு உட்கார வைத்து அந்த ஆறு நிமிடத்தைக் காட்டுவது பொறுப்புள்ள செயல் ஆகாது. எடுத்துவிட்டேன். ஒழுங்காகத்தான் செய்தேன். 'முற்றும்' என்ற எழுத்தைச் சாப்பாட்டு மேஜைக்கு நகர்த்தினேன். உறையில் இருந்த நூற்றுநான்கு நிமிடத்தைத் தொண்ணூற்றெட்டாக்கினேன். அட்டையில் கப்பலுக்குப் பதில் சாப்பாட்டுத் தட்டு போட்டேன். அதைப் பார்த்துத்தான் பலர் வாங்கினார்கள்.

உங்கள் முதல் கடிதம் டிஸ்க் வெளியான மாதக் கடைசியில் வந்தது. உங்கள் தியேட்டரில் இந்தப் படத்தைப் பத்தொன்பது நாள், தினம் மூன்று காட்சி ஓட்டியதாகவும், கடைசியில் கப்பல் உண்டு என்றும் எழுதியிருந்தீர்கள். ஐம்பத்தேழு முறை பார்த்த மனிதர். நான் மரியாதையாகவே பதில் எழுதினேன்: 'பல படங்கள் ஓட்டியவர்களுக்கு ஒன்றின் முடிவு இன்னொன்றோடு ஒட்டிக்கொள்வது இயல்பு.' இரண்டாவது கடிதத்தில் புகை எந்தப் பக்கம் சாய்ந்தது என்பது வரை எழுதினீர்கள். 'தாங்கள் குறிப்பிடுவது வேறு படமாக இருக்கலாம்' என்றேன். மூன்றாவது கடிதத்தில் எழுத்து கொஞ்சம் கோணலாக இருந்தது. அதை அப்படியே தருகிறேன்: "உங்க பதிலைப் படிச்சிட்டு மருமக டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போனா. இனிமே அடுப்புப் பக்கம் போகக் கூடாதாம், தனியா வெளிய போகக் கூடாதாம். கப்பலை விட்டுடறேன் சார். அந்த ஆணியாவது இருந்துச்சா?"

ஆணி இல்லை என்று எழுதினேன்.

அதற்குப் பிறகு உங்களிடமிருந்து கடிதம் இல்லை. குறை தீர்ந்தது என்று ஃபைலில் குறித்துக்கொண்டேன்.

அந்த ஃபைல்தான் விஷயம். எந்தக் கடிதத்துக்கும் நகல் எடுத்துத் தேதிவாரியாக வைக்காவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. போன வாரம் மகள் கவர் தேடி என் மேஜையைத் திறந்திருக்கிறாள். உங்கள் மூன்று கடிதங்களையும் என் மூன்று பதில்களையும் படித்திருக்கிறாள். பக்கத்திலேயே அந்த ஆறு நிமிடம் தனி டிஸ்க்காக இருந்தது. அதையும் பார்த்திருக்கிறாள். 'பதில் அனுப்பியவை' என்ற பிரிவில் உங்களுக்கு அடுத்த தாள், அவளுக்குக் கல்லூரியிலிருந்து வந்த சேர்க்கைக் கடிதம். அதற்கடுத்து, 'குடும்பச் சூழ்நிலை காரணமாக என்னால் சேர இயலவில்லை' என்று அவள் எழுதிய பதிலின் நகல். அதாவது அவள் பெயரில் நான் எழுதியது. கையெழுத்து சிரமமே இல்லை. அவளுக்கு எழுதப் பழக்கியதே நான்தானே. இடம் கிடைக்கவில்லை என்று நினைத்து அவள் இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாள். பக்கத்தில் உட்கார்ந்து ஆறுதல் சொன்னதும் நான்தான்.

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். தாள்களைத் தேதி மாறாமல் அடுக்கி, ஃபைலை மூடி என் முன்னால் வைத்தாள். "என்னோடதை நானே பாத்துக்கறேன்ப்பா. அந்தத் தாத்தாவுக்கு முதல்ல எழுதுங்க. அவருக்குக் கிறுக்குப் பிடிக்கலைன்னு அவர் மருமகளுக்கும் தெரியணும். நானே போஸ்ட் பண்றேன்," என்றாள்.

ஆகவே எழுதுகிறேன். கப்பல் உண்டு. புகை நீங்கள் சொன்னபடி இடப்பக்கம்தான் சாய்கிறது. ஆணியும் உண்டு. தோள் உயரத்தில். தங்கள் நினைவில் ஒரு பழுதும் இல்லை. ஆறு நிமிட டிஸ்க்கை இத்துடன் வைத்திருக்கிறேன். மருமகளையும் பக்கத்தில் உட்காரவைத்துப் பாருங்கள். பிறகு அடுப்படிக்குப் போய் நீங்களே ஒரு காபி போட்டுக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் எல்லாம் சுமுகமாகிவிட்டது. நேற்று அவளுக்குக் கல்லூரியிலிருந்து ஒரு கடிதம் வந்தது. அவளே தபால் நிலையத்துக்குப் போய் வாங்கிக்கொண்டாள். வருத்தம் தெரிவித்திருப்பார்கள். நான் கேட்கவில்லை. சாயங்காலம் மொட்டை மாடிச் சுவரில் தோள் உயரத்தில் ஓர் ஆணி அடித்தாள். எதற்கு என்றேன். "தேவைப்படும்ப்பா" என்றாள். துண்டு காயப்போட வசதிதான்.

இப்போது செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறாள். "ஒட்டிட்டீங்களாப்பா? பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்கிறாள். தபால் பெட்டி எங்கள் தெருமுனையிலேயே இருக்கிறது. பெரிய பெட்டி ஒன்றையும் எடுத்துக்கொண்டிருக்கிறாள். பழைய துணி யாருக்காவது கொடுப்பாளாக இருக்கும், நல்ல மனசு அவளுக்கு. இதோ ஒட்டி அவள் கையில் கொடுத்துவிடுகிறேன். சோறு ஆறிவிடும், பத்து நிமிடத்தில் திரும்பி வந்துவிடுவாள்.