கழற்றக் கூடாத தகடு

வாயை மூடிப் பாருங்கள், ஐயா. மேல்பல்லும் கீழ்ப்பல்லும் எங்கே சந்திக்கின்றன என்று யாரும் யோசிப்பதில்லை. நான் யோசிப்பேன். பல் ஆஸ்பத்திரியின் பின்னறையில் பதினெட்டு வருடமாக எனக்கு அதற்குத்தான் சம்பளம்.

தாடை வலி என்று வருகிறவர்களுக்கு பிளாஸ்டிக் தகடு செய்வேன். பல்லில் மாட்டிக்கொண்டால் தாடை கொஞ்சம் இறங்கி இளைப்பாறும். டாக்டர் நல்லவர். வாயைவிடச் செல்போனை அதிகம் பார்ப்பார்.

என் தங்கைக்கும் வாயைத் திறந்தால் கடக்கென்று சத்தம், வலி. அப்போதுதான் வெளியூரில் வானொலிச் செய்தி வாசிக்கும் வேலை கிடைத்திருந்தது. ஆறு மாதத்தில் சேர வேண்டும். அம்மா போன பிறகு அவளுக்குத் தலை பின்னிவிட்டு, ஊட்டி வளர்த்தவள் நான். மேடம் இப்போது மூட்டை கட்டுகிறாராம்.

எல்லாப் பற்களையும் மூடும் தகடு, தூங்கும்போது மட்டும் என்று டாக்டர் எழுதினார். நான் பின்பற்களுக்கு மட்டும் செய்தேன்.

"எப்பக்கா கழட்டணும்?"

"கழட்டவே கூடாதுடி. சாப்பிடறப்பவும் போட்டுக்கோ."

அவ்வளவுதான். மீதியைத் தகடு பார்த்துக்கொண்டது. இரவு பகலாக அழுத்தினால் பின்பற்கள் மெல்ல ஈறுக்குள் இறங்கும். தாடையும் புது இடத்தில் குடியேறிவிடும். மாதா மாதம் தகட்டின் மேல் ஒரு பூச்சு ஏற்றித் தடிமனாக்கினேன். வலி குறைந்துவிட்டது என்று என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். நிஜமாகவே குறைந்திருந்தது. தொழிலில் நான் ஏமாற்றுவதில்லை.

வேலையில் சேரும் வாரம் அவளே கழற்றிப் பார்த்தாள். முன்பற்கள் இடித்துக்கொண்டன, பின்னால் ஒரு நாணயம் நுழையும் இடைவெளி. பேச்சு குழறியது. வானொலிக்காரர்கள் வேறு ஆளை எடுத்துக்கொண்டார்கள். அவள் வாசிக்காமலே மழை பெய்கிறது, மந்திரிகள் பேசுகிறார்கள்.

அவளால் மெல்ல முடியவில்லை. சாப்பாட்டைக் குழைத்து ஊட்டினேன், சின்ன வயதில் போல. அவள் போகக் கூடாது என்றுதான் செய்தேன். அப்படி ஊட்டிய இரண்டு மாதமும் நான் சந்தோஷமாக இருந்தேன்.

பிறகு ஆஸ்பத்திரியில் டாக்டர் எழுதிய பழைய சீட்டை வாங்கிப் பார்த்திருக்கிறாள்.

"தூங்கும்போது மட்டும்னு எழுதியிருக்கேக்கா."

தகட்டைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டு வீட்டை விட்டுப் போய்விட்டாள். கோபம் என்கிறீர்கள். எனக்கு அவளைத் தெரியும். சின்ன வயதிலிருந்தே மறதிக்காரி. எடுக்க வருவாள். புதிதாகவே ஒன்று செய்து வைத்திருக்கிறேன், இந்த முறை இன்னும் கொஞ்சம் தடிமனாக.