லூர்துவுக்கு நான் போட்டுக்கொடுத்த பயிற்சி

கிடார் வாசிக்க உட்காருகிறவருக்கு முதலில் வேண்டியது வெந்நீர். பக்தி, ஞானம், நீளமான தலைமுடி எல்லாம் பிறகு பார்த்துக்கொள்ளலாம். பொறுக்கும் சூட்டில் ஒரு கிண்ணத்தில் எடுத்து, இரண்டு கையையும் முக்கி, விரல்களை மெல்ல மடக்கி நீட்ட வேண்டும். துடைத்துவிட்டு வெறும் கம்பிகளைக் கொஞ்ச நேரம் மீட்ட வேண்டும். அதன் பிறகுதான் இடது கை விரல்கள் கம்பியில் ஒவ்வொன்றாக நடக்கலாம். பல கம்பிகளைச் சேர்த்து அமுக்கும் கார்டுகள், அதிலும் விரல்களை அகட்டிப் பிடிப்பவை, கடைசியில். எங்காவது சுரீரென்று வலித்தால் அன்றைக்கு மூடி வைத்துவிட வேண்டும். இதெல்லாம் எனக்கு நன்றாகவே தெரியும். பாவம், தெரியாமல் செய்துவிட்டான் என்று யாரும் எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

என் பெயர் வால்டர். திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் ராயபுரத்தில் எங்கள் மாதா கோயில் பாடகர் குழுவில் எலக்ட்ரிக் கிடார். இருபது வருடமாகப் பீடத்துக்கு வலது பக்கம், கீபோர்டுக்கும் தூணுக்கும் நடுவில், மின்விசிறிக்கு நேர் கீழே நிற்பவன் நான்தான். மே மாதப் பூசையில் அந்த இடத்தின் அருமை வேர்த்து நனைந்தவர்களுக்குத் தெரியும். வாசிப்பு ஒன்றும் கம்பசூத்திரம் இல்லை. மூன்று கார்டு தெரிந்தால் முழுப் பூசையையும் ஓட்டிவிடலாம். தப்பு விழுந்தால் பெண்கள் பக்கத்திலிருந்து வரும் உச்சஸ்தாயி அதை அமுக்கிவிடும். கடவுளும் இத்தனை வருடத்தில் ஒரு புகார் சொன்னதில்லை.

என் மனைவி லூர்து காசிமேட்டில் இறால் உரிக்கும் ஷெட்டில் வேலை செய்தாள். நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் கை. சாயங்காலம் வரும்போது விரல்கள் வெளுத்து மரத்துப்போயிருக்கும். ரவிக்கை ஊக்கைக் கழற்றக்கூட என்னைக் கூப்பிடுவாள். அந்தக் கைதான் போன வருடம் வீட்டில் சும்மா கிடந்த என் பழைய மரக் கிடாரை எடுத்தது.

போனில் ஒரு வெளிநாட்டு ஆசாமியின் வீடியோவைப் பார்த்துக் கற்றுக்கொண்டாள். நான் சிரித்தேன். தவக்காலம் முடிவதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது. ஒரே கிடாரில் கீழே தாளம், மேலே ராகம் என்று இரண்டு பேர் வாசிப்பதுபோல் வாசித்தாள். சட்டை தேடுகிற பாவனையில் கதவோரம் நின்று கேட்டேன். அழகாக இருந்தது. எனக்கு வயிறு எரிந்தது. இரண்டையும் ஒப்புக்கொள்கிறேன்.

திருவிழாப் பாட்டுகளைப் பற்றிப் பேச பாடகர் குழுத் தலைவர் பிராங்கிளின் வீட்டுக்கு வந்தார். துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ரிடையரானவர். பல்செட்டைக் கழற்றினால்தான் சுருதி சேரும். வாசலில் நின்றே லூர்து வாசிப்பதை முழுசாகக் கேட்டார்.

"இன்னா வால்டரு, இம்மாம் நாளா வூட்டுக்குள்ள ஒளிச்சி வச்சிகினு கீறியா? தேர் அன்னிக்கி நற்கருணைக்கு அப்புறம் லூர்து தனியா வாசிக்கட்டும். நீ அந்தாண்ட ஓரமா நின்னு தாளம் குடு, போதும்."

"ஐயோ, நான் சொம்மா பொயுது போவ வாசிக்கிறேன் மாஸ்டர்" என்றாள் லூர்து. ஆனால் அவள் முகம் மலர்ந்து போயிருந்தது. கல்யாணத்தன்றுகூட அவளை அப்படிப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

அவர் படியிறங்கியதும் என்னிடம் வந்தாள். "எனுக்கு பயமா கீதுய்யா. ஜனங்க முன்னால தப்பு வந்துச்சுன்னா? நீதான் ஒழுங்கா ஒரு பயிற்சி போட்டுக் குடுக்கணும்."

நானாகப் போய் எதையும் திணிக்கவில்லை. கேட்டது அவள்.

மறுநாள் யார்டில் சாப்பாட்டு நேரத்தில் அதே வெளிநாட்டுக்காரரின் வீடியோவைப் பார்த்தேன். பொறுமைசாலி. எதையெல்லாம் செய்யக் கூடாது என்று விரலை ஆட்டி ஆட்டிச் சொன்னார். குளிர்ந்த கையோடு ஆரம்பிக்கக் கூடாது. எடுத்த எடுப்பில் அகட்டக் கூடாது. ஓய்வில்லாமல் வாசிக்கக் கூடாது. பயிற்சிக்கு வேறெங்கும் அலைய வேண்டிய அவசியமே இல்லாமல் போயிற்று. அவர் கூடாது என்றதையெல்லாம் அதே வரிசையில் லூர்துவுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.

வேலை விட்டு வந்ததும், கை மரத்திருக்கும்போதே உட்கார வேண்டும். ஆள்காட்டி விரலால் ஆறு கம்பியையும் சேர்த்து அமுக்க வேண்டும். அந்தப் பிடியை விடாமல் மோதிர விரலையும் சுண்டு விரலையும் எட்டாத தூரத்துக்கு நீட்ட வேண்டும். பிறகு அதையே வேகமாக. ஓய்வென்ற பேச்சே கிடையாது.

"விரலு எங்க போவுதுன்னே தெர்லய்யா, அப்டி மரத்துக் கீது" என்றாள்.

"அதாம்மே வேணும். மரத்த கை வலிக்காது. வலிக்காத கைதான் சீக்கிரம் படியும்."

மரத்த கை வலிக்காது என்பது சத்தியமான உண்மை. வலி வந்திருந்தால் அவளே நிறுத்தியிருப்பாள். அது வராதபடி ஷெட்டு முதலாளி தினமும் ஐஸில் பதப்படுத்தி அனுப்பிக்கொண்டிருந்தார்.

கொஞ்ச நாளில் தடித்த கம்பிகளாக மாற்றினேன். கம்பிகளைத் தாங்கும் வெள்ளைப் பட்டைக்கு அடியில் குச்சி ஐஸ் குச்சியைச் சீவிச் செருகினேன். கம்பிகள் பலகையை விட்டு நன்றாக எழும்பி நின்றன. அமுக்க இரண்டு மடங்கு பலம் வேண்டும். ஏன் இப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, "கடக்காத்து பட்டு மரம் உப்பிக் கீது" என்றேன். ராயபுரத்தில் எந்தக் கேள்விக்கும் கடல் காற்றைப் பதிலாகச் சொல்லலாம்.

ஷெட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்து இறால் உரிக்கும் கௌசர் ஒரு நாள் அவளைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள். லூர்துவின் மணிக்கட்டில் கௌசரின் துப்பட்டாவைக் கிழித்துக் கட்டியிருந்தது.

"இன்னா வாத்தியாரே நீ? கை எப்டி வீங்கிக் கீது பாரு. எங்கண்ணன் வியாசர்பாடில பாக்சிங் கத்துக்குடுக்குறாரு. ஒடம்பு சூடேறாம ஒருத்தனையும் குத்துற மூட்டையத் தொட வுட மாட்டாரு. இது இன்னா கலீஜ் பயிற்சி? நிறுத்தச் சொல்லு."

நியாயமான கேள்விதான். அவள் போன பிறகு லூர்துவிடம், "அவளுக்குக் காண்டு. நீ மைக்காண்ட போய்ட்டா அவ மட்டும் இறால் உரிச்சினு கெடக்கணும்ல" என்றேன்.

"கௌசர் அப்டிலாம் நெனைக்க மாட்டா" என்றாள் லூர்து. சொல்லிவிட்டு கிடாரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தோழியையும் விட்டுக்கொடுக்கவில்லை, என் பேச்சையும் தட்டவில்லை. எனக்குச் சங்கடமாகிவிட்டது. உள்ளே போய் அவளுக்கு டீ போட்டேன். கிளாஸைப் பிடித்துக் கை சூடாகிவிடக் கூடாதே என்று நன்றாக ஆற்றித்தான் கொடுத்தேன்.

கொடியேற்றத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, வாசித்துக்கொண்டிருந்தவளிடமிருந்து பட்டென்று ஒரு சத்தம் வந்தது. கம்பி அறுந்துவிட்டது என்று குனிந்து தேடினாள். ஆறு கம்பியும் சரியாகத்தான் இருந்தன.

மணிக்கட்டில் வீங்கித் தேய்ந்த தசைநார் அறுந்திருப்பதாக ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். ஆபரேஷன் செய்தார்கள். மோதிர விரலும் சுண்டு விரலும் இனி மடங்காது என்றார் டாக்டர். யார் இந்தப் பயிற்சியைச் சொல்லிக்கொடுத்தது என்று என்னைப் பார்த்துக் கேட்டார்.

லூர்து முந்திக்கொண்டாள். "நானேதான் போன்ல பாத்துப் பண்ணிகினேன் டாக்டர். இவுரு வேணா வேணான்னுதான் சொன்னாரு."

என்னைத் திட்டிவிடுவார்களோ என்று அவளுக்குப் பயம். நானும் தலையாட்டினேன். ஆஸ்பத்திரியில் வைத்து மனைவியைப் பொய்க்காரி ஆக்குவது முறையில்லை.

இறால் ஷெட்டில் விரல் மடங்காதவளுக்கு வேலை தர மறுத்துவிட்டார்கள். தேர் அன்று மின்விசிறிக்குக் கீழே நான் நின்றேன். நற்கருணைக்குப் பிறகு தனியாக வாசித்தேன், என் மூன்று கார்டுகளை. பெண்கள் கூடவே பாடிக் காப்பாற்றினார்கள். முன்வரிசையில் லூர்து கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு தேம்பித் தேம்பி அழுதாள். பக்கத்தில் இருந்தவர்கள் பக்தி என்று நினைத்து அவளுக்கும் சேர்த்துச் சிலுவை போட்டுக்கொண்டார்கள். பிராங்கிளின் என் தோளைத் தட்டினார். அவள் வாசித்திருந்தால் இதைவிட நன்றாக இருந்திருக்கும். எனக்குத் தெரியாதா என்ன?

அந்தக் கையைக் கெடுத்தது நான்தான். யோசித்து, வரிசைப்படுத்தி, ஒவ்வொரு சாயங்காலமும் பக்கத்தில் உட்கார்ந்து கெடுத்தேன். சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டேன்.

போன வாரம் லூர்து கிடாரைத் திருப்பி மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். பல நாளைக்குப் பிறகு முகத்தில் கொஞ்சம் சிரிப்பு இருந்தது.

"இத்தப் பாருய்யா. இந்தக் கையில மிச்சம் மூணு விரலு கீது, கம்பி மீட்ட அது போதும். கம்பிய மாத்திப் போட்டன்னா வலது கையால அமுக்கிப்பேன். அடுத்த திருவிழாக்குள்ள புடிச்சிருவேன். நீ அந்தக் கைக்கும் ஒரு பயிற்சி போட்டுக் குடு."

இப்போது ஷெட்டு வேலை இல்லை. கை தானாக மரத்துப்போக வழியில்லை. அதனால் இன்று யார்டிலிருந்து திரும்பும்போது காசிமேட்டில் இறங்கி ஒரு வாளி ஐஸ் வாங்கி வந்தேன். லூர்து முழங்கைக்கு மேலே ரவிக்கைக் கையைச் சுருட்டிக்கொண்டு எதிரில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்கு என்மேல் அவ்வளவு நம்பிக்கை. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை.