கராஜுக்குப் போகாத முருகன்

— பற்றறி புதுசு, சார்ஜ் ஏத்திற ஒல்டனேற்றர் புதுசு, வயரெல்லாம் நீதான் மாத்தினனி. இனி மாத்திறதுக்கு மிச்சம் லொறியின்ரை சொந்தக்காரன் மட்டும்தான், கோபிசங்கர்.

— விசர்க்கதை கதைக்காதேங்கோ பரமலிங்கம் அண்ணை. என்ரை கராஜிலை நாட்கணக்கா நிண்டது. ஒவ்வொரு நாளும் காலமை நானே ஸ்ராட் பண்ணிப் பாத்தனான். ஒரே அடியிலை எழும்பினது.

— அதைத்தான் நானும் சொல்லுறன். உன்ரை கராஜிலை நல்ல பிள்ளை. என்ரை வளவுக்கை வந்து ரெண்டு நாள் நிண்டால் பிணம். நேற்று அயலுக்கை இருக்கிற ஆம்பிளையள் முழுக்க வந்து தள்ளினவை. மருதனார்மடச் சந்தையிலை ஏத்த வைச்ச கத்தரிக்காய் வெய்யிலிலை வாடிப்போச்சு.

— சில வருத்தக்காரர் டொக்டரைக் கண்டவுடனை எழும்பி இருப்பினம். உதுவும் அந்தச் சாதிதான். அதுதான் இண்டைக்கு நானே இஞ்சை வந்தனான். நிக்கிற நிலையிலேயே பாப்பம்.

— என்னத்தைப் பாக்கிறது? காரணம் எனக்குத் தெரியும். தனோஜன்.

— உங்கடை மச்சினனே? அவன்தானே இந்த லொறியை ஓடினவன்?

— ஓம், அவன்தான். லொறியைக் கொண்டுவந்து விட்டுப்போட்டு, உள்ளுக்கை படுத்துக் கிடந்து, பாட்டும் ஃபானும் போட்டு, ஆரோ பெட்டையோடை கதைச்சுக்கொண்டு. அதிலைதான் பற்றறி இறங்குது. கேட்டன். இல்லையெண்டான். பொய் சொல்லாதை, லொறித் திறப்பைத் தந்திட்டுப் போடா எண்டன். திறப்பை வைச்சிட்டுப் போட்டான்.

— அவன் போனாப்பிறகும் பற்றறி இறங்கினதெல்லோ?

— இறங்கினதுதான்.

— பிறகென்ன அண்ணை?

— இன்னொரு திறப்பு வெட்டி வைச்சிருப்பான்.

— சொல்லேக்கை உங்களுக்கே நம்பிக்கை இல்லை, பாருங்கோ.

— உனக்கென்ன, சொல்லுவாய். அவன் கட்டாருக்குப் போகப்போறானாம். இண்டைக்குக் கொழும்பு பஸ் ஏறுறான். என்ரை மனிசி, அவன் போன அண்டையிலிருந்து என்னோடை வாயே திறக்கிறதில்லை. சோத்துக் கோப்பையை மேசையிலை டங்கெண்டு வைக்கிறா. அவன் செய்தவன் எண்டு தெரிஞ்சாலும் நெஞ்சு ஆறும், செய்யேல்லை எண்டு தெரிஞ்சாலும் ஆறும். ரெண்டுமில்லாமல் கிடந்து வேகுது.

— பொறுங்கோ. பற்றறி வயரைக் கழட்டி இடையிலை மீற்றரைப் போடுறன். திறப்பு எடுத்தாச்சே?

— எடுத்தாச்சு. லைற்று, றேடியோ, எல்லாம் ஓப்.

— அப்ப இந்த மீற்றர் முள்ளு சும்மா படுத்துக் கிடக்கவேணும். பாருங்கோ, எழும்பி நிக்குது. லொறி நித்திரை, ஆனால் கறண்ட் எங்கையோ போய்க்கொண்டிருக்கு.

— கோதாரி! கராஜிலை முள்ளு உப்பிடி நிக்கேல்லையே?

— உண்ணாணை நிக்கேல்லை அண்ணை. நான் ஒவ்வொரு பியூஸாய்ப் புடுங்கிறன், நீங்கள் முள்ளைப் பாருங்கோ. இது?

— அசையேல்லை.

— இது?

— இல்லை.

— இதுதான் கடைசி.

— அப்பிடியே நிக்குது. அசையிற எண்ணமே இல்லை அதுக்கு.

— அப்ப பியூஸ் பக்கமே வராமல் நேரை பற்றறியிலையிருந்து ஏதோ இழுக்குது. உள்ளுக்கை ஏறிப் பாருங்கோ, ஏதாவது எரியுதே?

— ஒண்டும் எரியேல்லை.

— வடிவாய்ப் பாருங்கோ.

— பாத்திட்டன் எண்டுறன். லைற்று ஓப். ஃபான் ஓப். றேடியோ ஓப்.

— அண்ணை, உங்கடை தலைக்கு மேலை ஆர் இருக்கிறது?

— முருகன்.

— முருகனைச் சுத்தி?

— அது சாமி விளக்கடா!

— எரியுதோ இல்லையோ?

— எரியுதுதான். அது எந்த நேரமும் எரியிறதுதானே. சாமி விளக்கை ஆராவது கணக்கிலை எடுக்கிறதே?

— நீங்கள் எடுக்கமாட்டியள். பற்றறி எடுக்கும். ஒண்டு ரெண்டே, படத்தைச் சுத்திப் பழைய குண்டு பல்பு மாலை! ரெண்டு நாள் இரவு பகலாய் எரிஞ்சால் எந்தப் பற்றறி தாங்கும்? அந்த வயரைக் கழட்டுங்கோ, முள்ளு விழுதோ பாப்பம்.

— நீ கழட்டு.

— நான் மத்தியானம் மீன்குழம்பு சாப்பிட்டனான்.

— நான் சந்தியிலை மட்டன் றோல் திண்டிட்டு வாறன். மனிசியிட்டைச் சொல்லிப்போடாதை.

— அப்ப முருகனிலை கைவைக்க இஞ்சை ஆளில்லை. அக்காவைக் கூப்பிடுங்கோ.

— நான் கூப்பிட்டால் வரமாட்டா. நீ கூப்பிடு.

— குணலட்சுமி அக்கா! ஒருக்கால் லொறியடிக்கு வாங்கோ!

— வாறன், வாறன். என்ன தம்பி?

— உந்த முருகனை ஒருக்கால் கழட்டித் தாறியளே அக்கா?

— ஏன், லொறி கராஜுக்குப் போகப்போகுதே?

— இல்லையே. ஏன் அப்பிடிக் கேட்டனீங்கள்?

— கராஜுக்குப் போறதெண்டால் நான்தானே முதல் முருகனை விளக்கோடை இறக்கிச் சாமியறைக்கை வைக்கிறனான். குறை நினையாதை தம்பி, உங்கடை கராஜிலை மச்சம் மாமிசம் எல்லாம் புழங்கும். அங்கை சாமியை விடேலுமே? லொறி திரும்பி வந்தாப்பிறகு, மஞ்சள் தண்ணி தெளிச்சுப்போட்டுத்தான் திரும்ப வைப்பன்.

— கேட்டியளே அண்ணை! என்ரை கராஜிலை அந்த இடத்திலை வெறும் ஆணிதான் கிடந்தது! வருத்தத்தை வீட்டிலை இறக்கி வைச்சிட்டு ஆளை மட்டும் டொக்டரிட்டை அனுப்பியிருக்கு!

— எனக்கு விளங்கேல்லை தம்பி.

— பற்றறியைக் குடிக்கிறது உந்த விளக்குத்தான் அக்கா.

— முருகா! லொறி ஸ்ராட் வராத நாளிலையும் விளக்கு எரிஞ்சுதே. லொறி செத்தாலும் அவர் முழிச்சிருக்கிறார் எண்டு நான் விழுந்து கும்பிட்டனான்.

— இறங்கின பற்றறியிலை மிஞ்சிக் கிடக்கிறது பல்புக்குப் போதும் அக்கா. எஞ்சினைச் சுத்தக் காணாது. இப்ப கழட்டுங்கோ.

— இந்தா, கழட்டிட்டன்.

— விழுந்திட்டுது! கோபி, முள்ளு படுத்திட்டுது! இஞ்சேரும் குணம், ஓடிவந்து பாரும், படுத்திட்டுது!

— தம்பி, எனக்குக் கண் தெரியுதெண்டு அவரிட்டைச் சொல்லு. அப்ப என்ரை தம்பி செய்யேல்லைத்தானே? அதையும் அவரிட்டைக் கேள்.

— கேக்கிறா அண்ணை.

— செய்யேல்லை, செய்யேல்லை! அப்பாடா, இண்டைக்குத்தான் மூச்சு வருகுது. அவனிலை ஒரு பிழையுமில்லை. நான்தான் விசரன்.

— அது எனக்கு முந்தியே தெரியுமெண்டு சொல்லு.

— அக்கா, ஏன் உது எந்த நேரமும் எரியவேணும்?

— முறிகண்டியடியிலை மாடு குறுக்கை வந்து தனோஜன் லொறியை மரத்தோடை மோதினவனெல்லோ. அண்டையிலிருந்து அவன் ஓடப்போனால் எனக்குப் பொட்டு நித்திரை இல்லை. அவன் லொறி ஓடுற காலம் மட்டும் விளக்கு நூராமல் எரியும் எண்டு இணுவில் கந்தசாமி கோயிலிலை நேந்தனான். அது எரியத் தொடங்கினாப்பிறகுதான் இரவிலை கண்ணை மூடினனான். கராஜுக்குப் போற நாளிலையும் சாமியறையிலை நெய்விளக்கு ஏத்தி வைப்பன். அவனை நிப்பாட்டினாப்பிறகும் திரும்பி வருவானெண்டு எரியவிட்டன். அவனுக்கெண்டு ஏத்தின விளக்கு அவன்ரை வேலையைத் திண்டிட்டுதே!

— அழாதேங்கோ அக்கா. சின்னச் சோலார் தட்டு ஒண்டும் அதுக்கொரு குட்டிப் பற்றறியும் பூட்டிவிடுறன். முருகனுக்குத் தனிக் கறண்ட், லொறிக்குத் தனிக் கறண்ட். ஒருத்தரோடை ஒருத்தர் கொழுவிச் சண்டை பிடிக்கத் தேவையில்லை.

— அது பிறகு. இஞ்சாருங்கோ, நிண்டு பாக்காமல் அவனுக்குப் போனை எடுங்கோ!

— என்னோடையே கதைக்கிறீர்?

— உங்களோடைதான். கெதியா எடுங்கோ, பஸ் வெளிக்கிடப்போகுது! எனக்கும் கேக்கிற மாதிரிப் போடுங்கோ.

— அலோ, தனோஜன்? அத்தான் கதைக்கிறன். பஸ் ஏறிட்டியே?

— இல்லை அத்தான். உங்கை பக்கத்திலை திருநெல்வேலிச் சந்தியிலை, கொழும்பு பஸ் எடுக்க ரவுணுக்குப் போற பஸ்சைப் பாத்துக்கொண்டு நிக்கிறன். ஏன், லொறி திரும்பவும் நிண்டிட்டுதே?

— லொறியை விடு. பிழை உன்னிலை இல்லையடா. முருகன்ரை விளக்குத்தான் பற்றறியை இழுத்திருக்கு. நான் வாய்க்கு வந்தபடி கதைச்சதை மனசிலை வைச்சிருக்காதை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டை வா.

— அப்ப கண்டுபிடிச்சிட்டியள். விளக்கைக் கழட்டிப்போட்டியளே அத்தான்?

— உனக்கு முதலே தெரியுமே?

— அதுக்கு வயர் இழுத்தவனே நான்தானே.

— பிறகேனடா வாயைப் பொத்திக்கொண்டு என்னட்டைப் பேச்சு வாங்கினனி?

— சொன்னால் கழட்டிப்போடுவியள் அத்தான். வேலையெண்டால் எனக்குக் கட்டாரிலையும் கிடைக்கும். அக்காவுக்கு நித்திரையை எங்கை போய் வாங்கிறது?