ஆறாவது கைப்பிடி

என் பெயர் ஹால்வர் ரிண்டால். தகப்பனார் பெயர் சிவர்ட் ரிண்டால், காலமாகிவிட்டார். வெட்டுக்கிளிகள் கோதுமையைத் தின்று முடித்துவிட்டு மண்வெட்டிக் காம்பையும் அரித்த கோடையில், எங்கள் ஊர் வங்கிக்காரர் கதவைச் சாத்திவிட்டு ரயிலேறிய அதே வாரத்தில் பிறந்தேன். அதை வைத்து எனக்கு எண்பத்து நான்கு வயது என்று ஆஸ்பத்திரியில் கணக்குப் போட்டிருக்கிறார்கள். வடக்கு டகோட்டாவில் தோர்ஸ்விக் ஊருக்குத் தெற்கே, பழைய ஸ்கார் பண்ணையில் தனியாக வசித்து வருகிறேன். மாடு பார்ப்பதும் வேலி போடுவதும் தொழில். எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல, மொன்டானாவைச் சேர்ந்த ஷெரிஃப் அலுவலக அதிகாரி ட்ரென்ட் ப்ரூஸ்கி எழுதிக்கொள்கிறார்.

அதிகாரி என்னை வண்டியிலிருந்து தொடங்கச் சொன்னார். வண்டியிலிருந்து தொடங்கினால் நான் திருடன் ஆகிவிடுவேன். ஆகையால் பனியிலிருந்து தொடங்குகிறேன்.

மாடுகளுக்கு விமானத்திலிருந்து வைக்கோல் கட்டுகளை எறிந்த குளிர்காலம் அது. தோர்ஸ்விக்குக்கு ஆள் ஏற்றி வந்த ரயில் நின்றுபோனதும் அந்த வருடம்தான். அப்போது நான், ஆர்லோ ஃபென்ஸ்கி, ரோஸ்கோ டிப்ஸ், இக்னாட்ஸ் வோல்பாம், ஸ்கார் சகோதரர்கள் எமில், வெர்லின் ஆகிய ஆறு பேரும் இந்த ஆன்ட்லர் க்ரீக் பக்கத்தில் ஒரு மாட்டுப் பண்ணையில் ஒரே கொட்டகையில் தங்கி வேலை செய்தோம். எங்களுக்குச் சமைத்துப் போட்ட பாவெல் என்ற கிழவர் ஜனவரியில் இறந்துபோனார். மண் இரும்பாக உறைந்து கிடந்ததால் குழி வெட்ட முடியவில்லை. அவரை ஓட்ஸ் கொட்டும் பத்தாயத்தில் வைத்தோம். குதிரைக்கு ஓட்ஸ் அள்ளப் போகும்போதெல்லாம் தொப்பியைக் கழற்றிவிட்டு அள்ளினோம். பனி உருகிய பிறகு அவரை எடுத்துப் புதைத்தோம். உறவு என்று யாரும் வரவில்லை. சவப்பெட்டிக்கு ஆறு கைப்பிடி, நாங்களும் ஆறு பேர்.

அதன் பிறகு திரும்பி நடந்து வரும்போது எமில், நம்மில் யார் போனாலும் மற்றவர்கள் எங்கே இருந்தாலும் வந்து தூக்க வேண்டும் என்று சொல்லி எல்லோரிடமும் கையடித்துச் சத்தியம் வாங்கினான். வெர்லின் கேட்டான்: "சரிடா, கடைசி ஆளை யாரு தூக்குறது?"

ரோஸ்கோ சொன்னான்: "அவன் நடந்தே போயிக்கட்டும். அதான் உசுரோட இருப்பான்ல?"

சேறு முழங்கால் வரைக்கும் இருந்தது. அன்றைக்கு நாங்கள் நின்று நின்று சிரித்தோம்.

அதன் பிறகு நான்கு பேரைத் தூக்கினோம். ஆர்லோவும் நானும் மிஞ்சினோம். தோர்ஸ்விக்கில் தானியம் சேமிக்கும் கோபுரத்தை இடித்துத் தள்ளிய இந்த வசந்தம் முடிந்து, ஜூன் மாதத்தில், ஆர்லோவின் தங்கை மகள் கோரின் தொலைபேசியில் கூப்பிட்டு, மாமா தூக்கத்திலேயே போய்விட்டார், வியாழக்கிழமை இரண்டு மணிக்கு அடக்கம் என்றாள்.

"நீங்க வர வேணாம் மாமா. இந்த வயசுல அவ்வளவு தூரம் எதுக்கு? சர்ச்சுல சக்கரம் வெச்ச தள்ளுவண்டி இருக்கு. தூக்க ஆளும் இல்ல."

இக்னாட்ஸ் அடக்கத்தில் அந்தத் தள்ளுவண்டியைப் பார்த்துவிட்டு ஆர்லோ என்னிடம் சொன்னது: "என்னை மட்டும் இதுல வெச்சுத் தள்ளிடாதீங்கடா. நான் என்ன மளிகைச் சாமானா?" இதை நான் கோரினிடம் சொல்லவில்லை. வருகிறேன் என்று மட்டும் சொன்னேன்.

வியாழக்கிழமை விடிவதற்கு முன்பே கிளம்பினேன். கோட்டும் கால்சட்டையும் பின்னிருக்கையில் மாட்டியிருந்தேன். எனக்குப் பாதைப் பலகைகள் படிக்கத் தெரியாது. தானியக் கோபுரங்களையும் தண்ணீர்த் தொட்டிகளையும் வைத்துத்தான் ஓட்டுவேன். சிவப்புக் கோபுரத்தில் மேற்கே, தொப்பி போட்ட தொட்டியில் வடக்கே, அப்படி. மொன்டானா எல்லைக்கு முன்னால் திரும்ப வேண்டிய இடத்தில் இருந்த சிவப்புக் கோபுரம் இப்போது இல்லை. இடித்துவிட்டார்கள் என்று எனக்குத் தெரியாது. அதைத் தேடிக்கொண்டே போய், கடைசியில் சரளைப் பாதை ஒரு குட்டையில் முடிந்தது. டிராக்டரில் வந்த ஒருவர் ஸ்டியரிங்கிலிருந்து ஒரு விரலைத் தூக்கி வணக்கம் காட்டினார். வழி கேட்டேன்.

"அந்தக் கோபுரமா? போன வருஷமே போச்சே பெரியவரே. வந்த வழியே திரும்புங்க."

அதன் பிறகு எல்லையைத் தாண்டி முதலில் வந்த பெட்ரோல் கடையில் நிறுத்தினேன். பெட்ரோல் போட்டுவிட்டு, உள்ளே போய் சிறுநீர் கழித்து, ஒரு காபி வாங்கிக்கொண்டு, அவசரமாக வெளியே வந்து, வெள்ளைப் பிக்கப்பில் ஏறி ஓட்டிக்கொண்டு போனேன். ஜன்னல் வரை சேறு, பின்னால் ஒரு சுருள் முள்கம்பி, சாவி அதன் இடத்தில். என் வண்டியும் அப்படித்தான். இந்தப் பக்கத்து வண்டிகள் பாதிக்கு மேல் அப்படித்தான்.

கொஞ்ச தூரம் போன பிறகு கீச் கீச் என்று சத்தம் வந்தது. எஞ்சின் பெல்ட் தேய்கிறது என்று நினைத்தேன். ரயில் பாதையில் சரக்கு வண்டிக்காக நின்று எஞ்சினை அணைத்தேன். அப்போதும் கீச் கீச் நிற்கவில்லை. திரும்பிப் பார்த்தேன். என் கோட்டு இல்லை. ஓட்டை போட்ட அட்டைப்பெட்டி ஒன்று இருந்தது. தபாலில் வந்த கோழிக்குஞ்சுகள், பொரித்து ஒரு நாள் ஆனவை.

அதன் பிறகு முன்னால் கிடந்த கைபேசி அடித்தது. என்னிடம் கைபேசி கிடையாது. பச்சையைத் தொட வேண்டும் என்று பார்த்திருக்கிறேன். தொட்டேன்.

"யோவ், யாருய்யா நீ? என் வண்டிய எங்கய்யா ஓட்டிட்டுப் போற?"

"சவம் தூக்கப் போறேம்மா."



"என் வண்டியிலயா?"

"என் வண்டின்னு நினைச்சுதான் ஏறினேன். சாவி உள்ள இருந்துச்சு."

"எல்லா வண்டியிலயும் சாவி உள்ளதான்யா இருக்கும்! அதுக்காக ஏறிடறதா? நம்பரைப் படிக்கத் தெரியாதா?"

"தெரியாது."

 அந்த அம்மாளின் பெயர் மார்வா லிண்ட்கிரன் என்று பிறகு தெரிந்துகொண்டேன்.

"குஞ்சுங்க உசுரோட இருக்கா?"

"கத்துதுங்க."

"கத்தினா பரவால்ல. ஹீட்டரை முழுசா வை, அதுங்களுக்குச் சூடு குறையக் கூடாது. ஜன்னலைத் திறந்தே, தொலைச்சுடுவேன். இப்பத் திரும்பி வா."

"திரும்பினா ரெண்டு மணிக்குச் சேர முடியாது. ஆன்ட்லர் க்ரீக் சர்ச்சுல புதைச்சுட்டு வரேம்மா."

"போலீசுக்குச் சொல்லிட்டேன்."

"சொல்ல வேண்டியதுதாம்மா."

"உன் தகர டப்பாவ வெச்சு நான் என்ன பண்றது?"

"மூணாவது கியர் முரண்டு பிடிக்கும். கிளட்சை ரெண்டு தரம் மிதி."

சரக்கு வண்டி கடந்து போனது. நான் மேற்கே ஓட்டினேன்.

இந்த இடத்தில் அதிகாரி, "கடைசி வரைக்கும் தெரியாதுன்னு போட்டுடவா பெரியவரே? உங்களுக்குத்தான் நல்லது" என்று கேட்டார். வேண்டாம். ரயில் பாதையிலிருந்து எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஓட்டினேன். அப்படியே எழுதவும்.

அதன் பிறகு ஜூன் வெயிலில் ஹீட்டரை முழுதாக வைத்துக்கொண்டு ஓட்டினேன். புல்வெளி முழுக்கக் காற்று அடித்தது, எனக்கு அதில் ஒரு மூச்சும் இல்லை. காபி ஆறவே இல்லை. சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. இரண்டு முறை ஓரம் கட்டி, புட்டி மூடியில் தண்ணீர் ஊற்றி ஒவ்வொன்றின் அலகையும் நனைத்தேன். ஒன்று தலையைத் தொங்கப் போட்டிருந்தது. அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். களைப்பில் கண் சொக்கியபோதெல்லாம் அது அசைகிறதா என்று தொட்டுப் பார்த்தேன்.

நான் சர்ச் வாசலில் நிறுத்தியபோது பெட்டியை ஏற்கெனவே தள்ளுவண்டியில் வைத்திருந்தார்கள். கோரின், அவள் கணவன், அவள் அண்ணன், சர்ச்சைக் கூட்டும் லாயிட், பாதிரியார் ஆகியோர் நின்றார்கள். நான் போகும் இடத்தை மார்வா அம்மாள் சொல்லியிருந்ததால் அதிகாரி ப்ரூஸ்கி எனக்கு முன்பே வந்திருந்தார்.

"பெரியவரே, இறங்குங்க. கை ரெண்டும் எனக்குத் தெரியற மாதிரி வைங்க."

"வெச்சுக்கறேன் தம்பி. ஆனா கொஞ்ச நேரத்துக்கு இந்தக் கை எனக்கு வேணும். அப்புறம் நீயே எடுத்துக்க."

அதன் பிறகு ஆர்லோ மளிகைச் சாமானைப் பற்றிச் சொன்னதைக் கோரினிடம் சொன்னேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அவள் கணவனும் அண்ணனும் லாயிடும் என்னுடன் சேர்ந்து கைப்பிடியைப் பிடித்தார்கள். பாதிரியாருக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகியிருந்தது. அதிகாரி என்னைப் பார்த்தார், பெட்டியைப் பார்த்தார், தொப்பியைக் கழற்றித் தன் வண்டியில் வைத்துவிட்டு வந்து ஐந்தாவது கைப்பிடியைப் பிடித்தார். ஒரு மூலை காலியாக இருந்தது. தூக்கிப் பார்த்தோம், பெட்டி சாய்ந்தது. கீழே வைத்தோம்.

அப்போது என் வண்டி மூன்றாவது கியரில் அலறிக்கொண்டு வந்து நின்றது. மார்வா அம்மாள் இறங்கினார். நல்ல உயரம். முதலில் அட்டைப்பெட்டியைத்தான் பார்த்தார். உள்ளே விரலை விட்டு எண்ணினார்.

"ஒண்ணு குறையுதே."

சட்டைப் பையைத் திறந்து காட்டினேன். அவர் என் முகத்தையும் நனைந்த சட்டையையும் பார்த்தார்.

"உன் கோட்டு வண்டியில இருக்கு, போட்டுக்கோ. மாட்டுக்காரன் மாதிரியா நிப்ப?" என்று சொல்லிவிட்டு, யாரும் கேட்காமலே காலியாக இருந்த மூலைக்குப் போனார். "தள்ளுய்யா. எவ்வளவு நேரம் அந்த மனுஷனை வெயில்ல போட்டு வெப்பீங்க?"

ஆறு பேரும் தூக்கினோம். மேடு ஏறும்போது எனக்காக ஒரு முறை நின்றார்கள். ஜெபத்தின் நடுவில் என் கோட்டுக்குள்ளே குஞ்சு கத்தியது. கோரின்தான் முதலில் சிரித்தாள். ஆர்லோவைக் கையாலேயே இறக்கினோம்.

அதன் பிறகு சர்ச்சின் கீழ்த்தளத்தில் பன்றி இறைச்சி ரொட்டியும் காபியும் கொடுத்தார்கள். குஞ்சுப் பெட்டியை அடுப்புக்குப் பக்கத்தில் வைத்திருந்தார்கள். மார்வா அம்மாள் என் எதிரில் உட்கார்ந்து, "உன்னை யாருய்யா தூக்குவா?" என்று கேட்டார். அதை ரோஸ்கோ அப்போதே முடிவு செய்துவிட்டான் என்று சொல்லி, அவன் சொன்னதையும் சொன்னேன்.

"நடந்து போறப்பவாச்சும் உன் சொந்த வண்டியில போ" என்றார்.

அவர் புகாரைத் திரும்ப வாங்கினாலும், பதிவான புகார் என்பதால் என் வாக்குமூலம் வேண்டும் என்று அதிகாரி சொன்னதால், அதே மேசையில் இதைச் சொன்னேன். எழுதியதை அவர் எனக்குப் படித்துக் காட்டினார். நான் சொன்னது போலவே இருக்கிறது, கூட்டவில்லை, குறைக்கவில்லை. கையெழுத்துக்குப் பதிலாக, என் மாடுகளுக்குப் போடும் குறியான படுத்த ஏணியைக் கீழே வரைந்திருக்கிறேன்.

கடைசியாக அதிகாரி, அன்றைக்குக் கையடித்துக்கொண்ட ஆறு பேரில் இதை உறுதிப்படுத்த உயிரோடு இருப்பவர் பெயரும் முகவரியும் வேண்டும் என்றார். எமில் குதிரையிலிருந்து விழுந்து போனான். ரோஸ்கோ புல்வெளித் தீயில் போனான். வெர்லினுக்கு நுரையீரல். இக்னாட்ஸ் மகள் வீட்டு நாற்காலியில். ஆர்லோவை இன்று வைத்தோம். உயிரோடு இருப்பவர்: ஹால்வர் ரிண்டால், மேற்படி முகவரி.