மூணாவது குஞ்சு வாய் திறக்கல

டாக்டர்: குஞ்சுங்களை நான் குப்பையில போடச் சொல்லலியே அக்கா. பின்பக்கம் மரத்தடியில வைங்கன்னுதான சொன்னேன்.

அக்கா: குப்பைத்தொட்டின்னா எறும்பு. மரத்தடின்னா காக்கா. ரெண்டுல எதுன்னு நீங்களே சொல்லிடுங்க டாக்டரம்மா.

டாக்டர்: முதல்ல சாருக்கு வாய் மரத்துடுச்சான்னு பாருங்க.

பல்வலிக்காரர்: ஆ... நா... நா...

அக்கா: பேசாதீங்க ஐயா. ஊசி போட்டிருக்கு, நாக்கைக் கடிச்சுப்பீங்க.

டாக்டர்: இவரு பேரு, வயசெல்லாம் எழுதினீங்களா?

அக்கா: எங்க எழுதறது? நான் கதவைத் திறக்கறேன், கன்னம் பூசணிக்கா மாதிரி வீங்கி வாசல்ல நிக்கறாரு. ஏதோ பேப்பரை நீட்டினாரு. அதெல்லாம் அப்புறம்னு வாங்கி வெச்சுட்டு நாற்காலியில சாய்ச்சுட்டேன். வலியில துடிக்கறவர்கிட்ட விலாசமா கேப்பாங்க?

பல்வலிக்காரர்: ஆங்... ஆ...

அக்கா: பாருங்க, ஆமாங்கறாரு.

டாக்டர்: வாயை நல்லாத் திறங்க சார்... இன்னும்... அப்படித்தான். ரெண்டு பக்கமும் பஞ்சு வெச்சுட்டேன். இனிமே மூடக் கூடாது. அக்கா, எச்சி உறிஞ்சற குழாயைப் பிடிங்க... அக்கா! கையில என்னது அது?

அக்கா: சிரிஞ்சு.

டாக்டர்: மறுபடியும் ஊட்டறீங்களா?

அக்கா: அரை மணி ஆயிடுச்சே. ஒம்பது நாள் குஞ்சு, வேற என்ன செய்யும்? உங்களுக்குக் கடிகாரம் சுவத்துல. அதுங்களுக்கு வயித்துல.

டாக்டர்: நான் இங்க பல்லைக் குடையறதா, உங்களைப் பாக்கறதா?

அக்கா: பல்லைக் குடைங்க. இதோ... ஒரு வாய்... ரெண்டாவதுக்கும் ஒரு வாய்... ஆச்சு. குழாயைப் பிடிச்சுட்டேன்.

டாக்டர்: குஞ்சைத் தொட்ட கையோடயா! கையுறை மாத்துங்க!

அக்கா: மாத்தறேன், மாத்தறேன். கத்தாதீங்க, அதுங்க பயப்படும்.

டாக்டர்: அதுங்க பயப்படுமா! பன்னெண்டு மணிக்கு சுகாதார இன்ஸ்பெக்டர் வர்றாரு அக்கா. நம்ம லைசென்ஸ் அவரு கையிலதான் இருக்கு. ஸ்டெரிலைசர் மேல அட்டைப்பெட்டி, அதுக்குள்ள மூணு ஃபின்ச் குருவிக் குஞ்சு. பாத்தா என்ன சொல்வாரு?

அக்கா: கண்ணு திறந்துடுச்சான்னு கேப்பாரு.

டாக்டர்: விளையாடாதீங்க. போன மாசம் பக்கத்துத் தெரு கிளினிக்கைப் பூட்டிட்டுப் போனவரு அவருதான். கழிவுத் தொட்டிக்கு மூடி இல்லியாம். அவ்வளவுதான் குத்தம்.

அக்கா: நானும் கேள்விப்பட்டேன். கல்லுளிமங்கனாம். சிரிச்சு யாருமே பாத்ததில்லையாம். வாயில பல்லு இருக்கோ இல்லையோ!

பல்வலிக்காரர்: ஆங்!

அக்கா: ஐயாவுக்கும் அந்த ஆளைத் தெரியும்போல. பாவம், இவரை என்ன பாடு படுத்தினாரோ.

டாக்டர்: அசையாதீங்க சார். இன்னும் கொஞ்சம் குடையணும்... அக்கா, சொன்னாக் கேளுங்க. வெளிய பேஷன்டுங்க உக்கார்ற இடத்துக் கூண்டுல அம்மா அப்பா ரெண்டும் குத்துக்கல்லாட்டம் உக்காந்திருக்கு. பெத்ததுங்களே வேண்டாம்னு விட்டுடுச்சு. நமக்கென்ன வந்துது?

அக்கா: பெத்ததுங்க விட்டுட்டா ஊரும் விட்டுடணுமா? இது எந்த ஊரு நியாயம்?

டாக்டர்: மாடிக்காவது எடுத்துட்டுப் போங்க. என் வீடுதான, சாவி தர்றேன்.

அக்கா: மாடியில உங்க பூனை இருக்கு. பூனையைக் காவலுக்கு வெச்ச கதையாயிடும்.

டாக்டர்: அப்ப உங்க வீட்டுக்கு?

அக்கா: ரெண்டு பஸ் மாறணும். போறதுக்குள்ள ரெண்டு வேளை பட்டினி. அதுவும் இந்த மூணாவது... டாக்டரம்மா, இது வாயே திறக்க மாட்டேங்குது. உடம்பு சில்லுனு கிடக்கு.

டாக்டர்: ...சிரிஞ்சால மெதுவா அலகைத் தொட்டுப் பாருங்க.

அக்கா: தொட்டுட்டேன். அசையல. சூடு ஏறாம உள்ள எதுவும் விடவும் கூடாது, செரிக்காம செத்துடும்... ஐயா, வலது கையைக் கொடுங்க.

டாக்டர்: என்ன பண்றீங்க! பேஷன்ட் கையிலயா?

அக்கா: கை சும்மா வயித்து மேலதான கிடக்கு. ஐயா, கிண்ணம் மாதிரி குவிங்க... அழுத்தக் கூடாது... அப்படித்தான். அட, நல்ல சூடு! பல் வீக்கத்துல காய்ச்சல் அடிக்குது டாக்டரம்மா. இந்தக் காய்ச்சலாலயும் ஒரு நல்லது நடக்கட்டும்.

பல்வலிக்காரர்: ...ஆ.

அக்கா: சரிங்கறாரு. கையுறை மாத்தறேன், சொல்ல வேண்டாம்.

டாக்டர்: இது பல் ஆஸ்பத்திரியா, பறவைப் பண்ணையா? பதினாறு வருஷமா என் பக்கத்துல நிக்கறீங்க. ஒரு நாள் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசினதில்ல.

அக்கா: எல்லாத்தையும் சேத்து வெச்சு இன்னிக்குப் பேசறேன். கேட்டுக்கோங்க. பெட்டி வெளிய போனா நானும் போறேன்.

டாக்டர்: மிரட்டறீங்களா?

அக்கா: ஆமா.

டாக்டர்: ...இன்ஸ்பெக்டர் வந்து கேட்டா?

அக்கா: நான் பேசிக்கறேன். ஐயா, உங்க ரூல் புத்தகத்துல வாயைத் திறந்து கேக்கறதுக்குச் சோறு போடக் கூடாதுன்னு எந்தப் பக்கத்துல எழுதியிருக்கு, விரலை வெச்சுக் காட்டுங்கன்னு கேப்பேன்.

பல்வலிக்காரர்: ஆ... ஆங்...

டாக்டர்: நீங்க அவங்களுக்கு ஒத்து ஊதாதீங்க சார், வாய் மூடிக்கும்... நல்லா யோசிங்க அக்கா. கூட்டுக்குள்ள நீங்க கையை விட்டதாலதான் தாய் ஒதுக்கிடுச்சோ என்னவோ.

அக்கா: என் கையா? ... வேண்டாம். ஐயா முன்னாடி வேண்டாம்னு பாக்கறேன்.

டாக்டர்: அவரு வாயில பஞ்சு இருக்கு. யார்கிட்டயும் சொல்ல மாட்டாரு. சொல்லுங்க.

அக்கா: சரி. நேத்து கூட்டைப் பிரிச்சுப் பாத்தேன். அடியில குஞ்சு மூணு. அதுங்க மேல புசுபுசுன்னு பஞ்சு மெத்தை. மெத்தை மேல புதுசா ஒரு முட்டை. மெத்தைக்குப் பஞ்சு கிடைச்சதும் ரெண்டுக்கும் அடுத்த குடும்பம் நினைப்பு வந்துடுச்சு. கீழ மூணு உயிரு மூச்சு விடுதுன்னே மறந்து போச்சு. அந்தப் பஞ்சை யாரு போட்டது?

டாக்டர்: ...வந்து போற பசங்க யாராவது...

அக்கா: இப்ப ஐயா வாயில இருக்குதே, அதே பஞ்சு. உருட்டி வெச்ச பஞ்சு. உங்க டிராயரைத் தவிர இந்தத் தெருவுல வேற எங்கயும் கிடையாது.

டாக்டர்: சார், வாயை இன்னும் கொஞ்சம் திறங்க.

அக்கா: இன்னொண்ணு. ராத்திரி பூட்டின கிளினிக்கை ஒம்பது மணிக்கு நான்தான் திறந்தேன். ரெண்டு குஞ்சுக்குக் கழுத்தோரம் தீனிப்பை ரொம்பி, தோலுக்குள்ள மாவு தெரியுது. சாவி ரெண்டே ரெண்டு. ஒண்ணு என் இடுப்புல. இன்னொண்ணு?

டாக்டர்: அந்தக் குழாயைச் சரியாப் பிடிங்க.

அக்கா: சரியாத்தான் பிடிச்சிருக்கேன். உங்க கைதான் நின்னுபோச்சு.

டாக்டர்: ...எட்டரைக்கு. எட்டரைக்கு வந்து ஊட்டினேன் அக்கா. போதுமா? பஞ்சும் நான்தான். பொட்டைக் குருவி கூண்டுக் கம்பியில இருந்த நூலைப் பிடிச்சு இழுத்துட்டு இருந்துச்சு. பாவமா இருந்துச்சு. ரெண்டு உருளையைப் பிரிச்சுப் போட்டேன். நல்லதுன்னு நினைச்சுத்தான் போட்டேன்.

அக்கா: தெரியும்.

டாக்டர்: காலையில ரெண்டுதான் வாயைத் திறந்துச்சு. இது திறக்கல. என் கை நடுங்கிப்போச்சு. ஊரு வாய்ல எல்லாம் ஊசி போடற கை அக்கா இது. ஒரு நாள் நடுங்கினதில்ல.

அக்கா: அப்புறம் எந்த மனசோட மரத்தடியில வைன்னு சொன்னீங்க?

டாக்டர்: என் கண்ணு முன்னாடி சாக வேண்டாம்னுதான்! நான் செஞ்ச தப்பு என் எதிர்லயே கிடந்து சாகறதை என்னால பாக்க முடியாது. இன்ஸ்பெக்டர் மேல பழியைப் போட்டேன்.

பல்வலிக்காரர்: ஆ! ஆ!

டாக்டர்: வலிக்குதா சார்? நான் இப்பக் குடையவே இல்லியே.

பல்வலிக்காரர்: ஆங்! ஆங்! ஆ!

அக்கா: டாக்டரம்மா... அவரு கையைப் பாருங்க. கையைப் பாருங்க!

டாக்டர்: ...திறந்திருக்கு.

அக்கா: வாயைத் திறந்துடுச்சு! தலையைத் தூக்குது பாருங்க! ஐயா, நீங்க மகராசன். நூறு வருஷம் பல்லோட இருங்க.

டாக்டர்: புதுக் கையுறை கொடுங்க. சிரிஞ்சு... சூடு பாத்தீங்களா?

அக்கா: மணிக்கட்டுல விட்டுப் பாத்துட்டேன். சரியா இருக்கு. நீங்களே ஊட்டுங்க. நடுங்கினாலும் பரவால்ல.

டாக்டர்: நடுங்கல. சார், கை ஆடக் கூடாது... ஒரு சொட்டு... முழுங்கு கண்ணு... அவசரமே இல்ல, யாரும் பிடுங்கிக்க மாட்டாங்க... இன்னொரு சொட்டு... அக்கா, வாய்க்குள்ள பாருங்களேன். குட்டிக் குட்டியாக் கறுப்புப் புள்ளி.

அக்கா: சொத்தைன்னு அடைச்சுடாதீங்க.

டாக்டர்: சும்மா இருங்க, சிரிப்பு வருது... ஆச்சு. போதும். மறுபடி அரை மணி கழிச்சு. எனக்கு வேற கையுறை கொடுங்க, பாவம் சார் அப்பத்துல இருந்து வாயைத் திறந்துட்டே இருக்காரு... இதோ சார், அடைக்கறது மட்டும்தான் பாக்கி.

அக்கா: பெட்டியை என்ன பண்றது? பன்னெண்டு மணி வரைக்கும் மேசைக்கு அடியில மறைச்சு வெக்கட்டுமா?

டாக்டர்: ஏன் மறைக்கணும்? ஸ்டெரிலைசர் மேலயே இருக்கட்டும். அங்கதான் சூடு. வரட்டும் அந்த ஆளு. பஞ்சு போட்டுக் கெடுத்தது நான்தான், காப்பாத்தறதும் நான்தான், பூட்டறதுன்னா பூட்டிக்கோன்னு மூஞ்சிக்கு நேரா சொல்றேன்.

அக்கா: இப்பத்தான் என் டாக்டரம்மா!

டாக்டர்: வாசல்ல ஒரு மேஜையைப் போட்டாவது பல்லு பிடுங்குவேன். மரத்தடியில வெக்கறதுன்னா என் நாற்காலியை வெக்கறேன், குஞ்சை வெக்க மாட்டேன்... முடிஞ்சுது சார். பஞ்சை எடுக்கறேன். கொப்பளிச்சுத் துப்புங்க.

பல்வலிக்காரர்: ...அம்மா, ஒரு வார்த்தை. மறுபடி ஊசி போட்டுடாதீங்க.

அக்கா: முதல்ல குஞ்சைக் கொடுங்க ஐயா.

பல்வலிக்காரர்: அது இருக்கட்டும். அந்தப் பெட்டிக்குள்ள ஒரு பேப்பர் விரிச்சிருக்கீங்களே... அதை எடுத்துப் படிங்க.

அக்கா: இதுவா? நீங்க நீட்டினதுதான். கெட்டியா இருந்துச்சேன்னு, எச்சத்துக்கு அடியில...

டாக்டர்: கொடுங்க இப்படி... 'சுகாதாரத் துறை... பல் மருத்துவமனை உரிமம் புதுப்பித்தல்... நேரடி ஆய்வுக்காக அனுப்பப்படும் ஆய்வாளர்...' அக்கா!

அக்கா: ஐயையோ! பன்னெண்டு மணின்னாங்களே!

பல்வலிக்காரர்: பல்வலி பன்னெண்டு மணி வரைக்கும் பொறுக்கலம்மா. முதல்ல பல்லைக் காட்டிட்டு, அப்புறம் ஆய்வைப் பாக்கலாம்னு ஒம்பதரைக்கே வந்தேன். யாருன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். நீங்க ஊசியைப் போட்டுட்டீங்க.

அக்கா: கையைக் காட்டியாவது சொல்லியிருக்கக் கூடாதா?

பல்வலிக்காரர்: கையில குஞ்சைக் கொடுத்துட்டீங்களே.

அக்கா: வாயில பல்லு இருக்கோ இல்லையோன்னு வேற சொல்லித் தொலைச்சேனே...

பல்வலிக்காரர்: இருக்கு. ஒண்ணு சொத்தை.

டாக்டர்: சார், நாங்க பேசினது எல்லாத்தையும் கேட்டுட்டீங்க. ஆள் யாருன்னு தெரிஞ்சதுக்காக நான் பேச்சை மாத்திக்க மாட்டேன். குஞ்சு இங்கதான் இருக்கும். எழுதறதை எழுதிக்கோங்க.

அக்கா: என் பேரையும் சேத்து எழுதிக்கோங்க.

பல்வலிக்காரர்: எழுதத்தான் போறேன். சிகிச்சை அறையில பறவை இருக்கக் கூடாது, ரூல்னா ரூல்தான். நாலு தடவை கையுறை மாத்தினீங்க, எண்ணிட்டேன், அதையும் எழுதுவேன். ஆனா... நான் எழுதற கை இதுதான். இப்பத்தான் வயிறு ரொம்பித் தூங்குது. அது முழிக்கட்டும். அதுவரைக்கும் ரெண்டு பேரும் கொஞ்சம் மெதுவாப் பேசுங்க.