சிட்டுவின் பசி

இந்த பிஸ்கட் எனக்காக என்றால் எடுத்துவிடுங்கள். எனக்கு இயல்பாகவே பசி குறைவு. டீ மட்டும் போதும். பசியைப் பற்றியே ஆராய்ச்சி செய்து காலத்தைக் கழித்தவள் இப்படிச் சொன்னால் பொதுவாக எல்லோரும் சிரிப்பார்கள். நீங்கள் சிரிக்கவில்லை. பரவாயில்லை.

சிட்டு என்னிடம் வந்தபோது அவளுக்குப் பதினான்கு வயது. சிட்டு என்பது அவள் அப்பா வைத்த செல்லப்பெயர். கைக்குழந்தையாக இருந்தபோது பொருந்தியிருக்கும். என் அறையின் நாற்காலி கொள்ளாமல் பரிசோதனைக் கட்டிலில் உட்கார்ந்தாள். வயிறு நிறைந்துவிட்டது என்று மூளைக்குச் சொல்லும் ஹார்மோன் அவளுக்குப் பிறவியிலேயே சுரக்கவில்லை. எவ்வளவு சாப்பிட்டாலும் பட்டினி கிடப்பவளின் பசி. கூடவே சர்க்கரை நோய்.

"ஃப்ரிட்ஜுக்குப் பூட்டு போட்டு வச்சிருக்கேன் டாக்டர்," என்றார் அப்பா, என் முகத்தைப் பார்க்காமல். "பெத்த பொண்ணுக்கு இல்லைன்னு சொல்ற பாவத்த தினமும் பண்றேன்."

அந்த ஹார்மோனை ஊசியாகப் போட ஆரம்பித்தேன். சில நாளிலேயே அவள் தட்டில் பாதி மீந்தது. அவளாலேயே நம்ப முடியவில்லை.

"டாக்டரக்கா, போதும்னா இப்படித்தான் இருக்குமா?"

அப்பா வராந்தாவுக்குப் போய் அழுதார். நான் மீந்ததை எடை போட்டேன்.

சிட்டு இளைத்தாள். சர்க்கரை இறங்கியது. குழந்தைகள் காப்பகத்தில் வேலைக்குச் சேர்ந்தாள். ஒரு பஸ் டிரைவரைக் கல்யாணம் செய்துகொண்டாள். ஆயுளுக்கும் தினம் ஒரு ஊசி. மருந்தை மாதாமாதம் என்னிடம் வந்து வாங்கிப் போவாள். எனக்குப் பதவியும் பெயரும் வந்தது அவளால்தான். அதை நான் எந்த மேடையிலும் மறைத்ததில்லை.

ஒரு மாநாட்டில் ஒருவர் எழுந்து கேட்டார்: சர்க்கரை இறங்கியது உங்கள் மருந்தாலா, அவள் சாப்பாடு குறைந்ததாலா? மருந்தால்தான் என்றால் உலகத்தில் எத்தனையோ சர்க்கரை நோயாளிகளுக்கு வழி பிறக்கும். தெரிந்துகொள்ள ஒரே வழி, சாப்பாட்டை அப்படியே வைத்துக்கொண்டு ஊசியை மட்டும் நிறுத்திப் பார்ப்பது.

முறைப்படி அவளிடம் கேட்டேன். நான் சொல்லி எதையும் தட்டாதவள், தலையாட்டி மறுத்தாள்.

"வேணாம்க்கா. அந்தப் பசி உங்களுக்குத் தெரியாது. படிச்சிருக்கீங்க, அவ்வளவுதான்." எனக்கு மனம் நோகக் கூடாதென்று சிரித்தாள். என் அம்மாவின் முழங்கால் வலி எப்படி இருக்கிறதென்று விசாரித்துவிட்டுப் போனாள்.

நான் வற்புறுத்தவில்லை. அடுத்த மாதக் குப்பிகளில் உப்புத்தண்ணீரை நிரப்பினேன். நானே நிரப்பினேன். இப்படிப்பட்ட வேலையில் மாணவர்களை இழுத்துவிடுவது எனக்குப் பிடிக்காது.

பசி எதிர்பார்த்தபடியே திரும்பியது. பல்லைக் கடித்துக்கொண்டு பொறுத்தாள். பிறகு ஒரு மதியம், காப்பகத்துக் குழந்தைகள் தூங்கும்போது அவர்களுடைய சாப்பாட்டு டப்பாக்களைக் காலி செய்துவிட்டாள். வேலை போனது.

"பிள்ளைங்க எந்திரிச்சு டப்பாவத் திறந்து பாத்துச்சுங்கக்கா," என்றாள் என் கையைப் பிடித்துக்கொண்டு. "மருந்து கெட்டுப்போச்சா?"

குப்பியை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினேன். "மருந்து நல்லாத்தான் இருக்கு சிட்டு. மனசத்தான் கொஞ்சம் கட்டுப்படுத்தணும்."

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள்.

என் கவலை வேறு. அவள் இப்படிச் சாப்பிட்டால் ஆய்வு வீணாகிவிடும். அவள் கணவனைக் கூப்பிட்டு, சமையலறையைப் பூட்டச் சொன்னேன். டியூட்டிக்குப் போகும்போது வாசல் கதவையும்.

"அவ என்ன திருடியா டாக்டர்?" என்றான்.

"பிரியம் இருந்தா கண்டிப்பும் வேணும் தம்பி," என்றேன்.

அவன் தயங்கியபோது பூட்டை எடுத்து அவன் கையில் கொடுத்தவள் சிட்டுதான். அதன் பிறகு எல்லாம் சீராக நடந்தது. அளந்த சாப்பாடு, ஏறாத எடை, ஆனால் வாரத்துக்கு வாரம் ஏறும் சர்க்கரை. அப்படியென்றால் மருந்துதான். நான் நினைத்தது சரி. உண்மையைச் சொல்வதென்றால், என் வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் தூங்கிய நாட்கள் வேறில்லை.

அவர்கள் வீடு மூன்றாவது மாடியில். பக்கத்து வீட்டுச் சமையலறை ஜன்னல் திறந்திருந்ததாம், உள்ளே ஏதோ வதங்கிக்கொண்டிருந்ததாம். இரண்டு ஜன்னலுக்கும் நடுவே ஒரு தண்ணீர்க் குழாய் மட்டும்தான். சிட்டு அதைப் பிடித்துக்கொண்டு அந்தப் பக்கம் போகப் பார்த்திருக்கிறாள். பாதி வழியில் குழாய் பெயர்ந்துவிட்டது.

பிணவறை வாசலில் அவள் கணவன், "பூட்டிட்டுப் போனது நான்தானே டாக்டர்," என்று திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தான். நான் அவன் தோளில் கை வைத்தேன்.

"கடைசி நேரத்துலயும் அவளுக்குப் பசிச்சிருக்குமா?" என்று கேட்டான்.

"இல்லப்பா," என்றேன்.

மிச்சமிருந்த குப்பியைப் பரிசோதனைக்கு அனுப்பியது என் நர்ஸ்தான் என்று தெரியும். அவள்மேல் எனக்கு வருத்தமில்லை, கவனமான பெண். நீங்கள் கேட்டது எல்லாவற்றுக்கும் ஆமாம்தான். மருந்துக்குப் பதில் தண்ணீர் வைத்தது நான். கதவைப் பூட்டச் சொன்னதும் நான். ஒன்றை மட்டும் வாக்குமூலத்தில் மறக்காமல் எழுதிக்கொள்ளுங்கள். அந்தப் பையனுடைய ஆறுதலுக்காகச் சொன்ன அந்த ஒரு வார்த்தையைத் தவிர, இந்த விஷயத்தில் நான் யாரிடமும் பொய் சொன்னதில்லை.