கண்ணை மூடச் சொன்னேன்

அவையை நடத்தும் பெருந்தகையே, தலைவர் அவர்களே! மனவிழிப்புப் பயிற்சியை மருத்துவமனைக்கும் பள்ளிக்கும் சிறைச்சாலைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்த மூத்த பயிற்றுநர்களே! வீட்டு வேலையைப் பாதியில் போட்டுவிட்டு வந்து முன்வரிசையை நிறைத்திருக்கும் தாய்மார்களே! இடமில்லாமல் கதவோரம் நிற்கும் இளையோரே! உங்கள் அனைவருக்கும் தலை தாழ்ந்த வணக்கம். மேடையில் எல்லாரும் அப்படித்தான் சொல்வார்கள். நானோ இன்று உண்மையிலேயே நிமிர முடியாமல் நிற்கிறேன்.

இன்னும் சற்று நேரத்தில் எனக்குத் தலைமைப் பயிற்றுநர் பட்டம் தரப் போகிறார்கள். இந்தப் பயிற்சியை யார் கற்பிக்கலாம், யார் கற்பிக்கக் கூடாது என்று தீர்ப்புச் சொல்லும் பட்டம். கைதட்டாதீர்கள் ஐயா, நான் சொல்வதைக் கேளுங்கள். கேட்ட பிறகும் கை எழுந்தால் அப்போது தட்டுங்கள்.

போன வருடம் இதே சங்கத்தில் ஒரு தீர்மானம் வந்தது. வகுப்புக்கு வருகிறவர் எழுதித் தரும் உடல்நிலைப் படிவத்தைப் பயிற்றுநர் படித்த பிறகே வகுப்பைத் தொடங்க வேண்டும் என்றது. எழுந்து எதிர்த்தது யார்? இந்த வாய்தான். மூச்சைக் கவனிக்கக் கற்றுத் தருகிறவனுக்கு முழம் முழமாய்ச் சட்டமா? மனத்தைத் திறக்க வருகிறவரிடம் தாளையா நீட்டுவது? முழங்கினேன். மண்டபம் அதிர்ந்தது, தீர்மானம் தோற்றது. வீட்டுக்குப் போய் மனைவியிடம் பெருமையடித்தேன். "பேசினது நல்லாத்தான் இருந்திருக்கும். அந்த ஃபாரத்தயெல்லாம் நீங்க என்னைக்காவது படிச்சிருக்கீங்களா?" என்றாள். நான் சட்டையைக் கழற்றி மாட்டினேன்.

அடுத்த வாரமே புதிய வகுப்பு. மூன்றாம் மாடிக் கூடம், இருபது நாற்காலிகள். கடைசி வரிசையில் ஒரு தையற்கார அம்மா, கழுத்தில் கிடந்த அளவு நாடாவைக் கழற்ற மறந்து வந்திருந்தார். கண்களை மூடுங்கள் என்றேன். பத்தொன்பது பேர் மூடினார்கள். அந்த அம்மா மட்டும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுபடி சொன்னேன். மூன்றாம் முறையும் சொன்னேன். எனக்குச் சுருக்கென்று வந்தது. நேரே அவர் முன்னால் போய் நின்று, "என்னக்கா, என் மூஞ்சியில அப்படி என்ன எழுதி ஒட்டியிருக்கு? கண்ண மூடினாத்தான மனசு அடங்கும்?" என்றேன். கூடமே சிரித்தது. ஆமாம், இப்போது நீங்கள் சிரித்தீர்களே, இதே போலத்தான். அவர் கூசிப்போய்க் கண்களை இறுக மூடிக்கொண்டார்.

நம் வகுப்புகளின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். முடிவில் மணி ஒலிக்கும். எழுந்தவர்கள் பேசாமல் கலைய வேண்டும். அமர்ந்திருப்பவரைத் தொடக் கூடாது, கூப்பிடக் கூடாது. மணியடித்தேன், எல்லாரும் போனார்கள், அம்மா அசையவில்லை. முதல் நாளிலேயே இத்தனை ஆழமா! எனக்குத் தலைகால் புரியவில்லை. செல்பேசியில் ஒரு படம் எடுத்துக்கொண்டு பூனை போல் வெளியேறினேன். அந்தப் படத்தையே அடுத்த வகுப்பின் விளம்பரத்தில் போட்டேன்.

அவர் மறுபடி வரவேயில்லை. ஒரு மாதம் கழித்து, விளம்பரத் தாளைக் காட்டிப் பீற்றிக்கொள்ள அவர் கடைக்கே போனேன். அவர் குனிந்து தைத்துக்கொண்டிருந்தார். பேசினேன், பேசினேன், நிமிரவில்லை. பக்கத்தில் பொத்தான் தைத்துக்கொண்டிருந்த மகள்தான் சொன்னாள்: "சார், அம்மாவுக்குச் சுத்தமா காது கேக்காது. முன்னால வந்து பேசுங்க, வாயப் பாத்துப் புரிஞ்சுக்குவாங்க. உங்க ஃபாரத்துல எழுதித்தான குடுத்தோம்?"

ஓடினேன். மேசை இழுப்பறையைத் திறந்தேன். குத்திய ஊசி கழலாமல் இருபது படிவங்கள் கிடந்தன. "காது கேட்காது. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். முன்வரிசையில் இடம் தரவும்." மூன்றே வரி ஐயா! படிக்க மூன்று மூச்சு நேரம் ஆகுமா? கண்தான் அவருக்குச் செவி. அதை மூடச் சொல்லி, ஊரைச் சிரிக்க வைத்தவன் நான்.

மறுநாள் மன்னிப்புக் கேட்கப் போனேன். காது போனதிலிருந்து, பின்னால் யாராவது வந்தாலே அவருக்கு உடம்பு தூக்கிப்போடுமாம். அந்தப் பயம் தெளியத்தான் என்னிடம் வந்திருக்கிறார். அன்று மணியோசை கேட்காமல், எல்லாரும் போன பிறகும் அந்தக் கூடத்தில் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்திருக்கிறார். பெருக்க வந்தவரின் துடைப்பம் காலில் பட்டு, அலறி எழுந்தபோது சுற்றிலும் யாருமில்லை. நடுவில் ஒரு தடவை கண் திறந்து பார்த்திருக்கலாமே அக்கா என்று கேட்டேன்.

"மறுபடி எல்லாரும் சிரிப்பாங்களேன்னு பயந்தேன் தம்பி. எல்லாரும் கூடவே உக்காந்திருக்காங்கன்னு நெனச்சுக்கிட்டேன்" என்றார்.

பின்வரிசையில் யாரோ பரவாயில்லை என்கிறீர்கள். யாருக்குப் பரவாயில்லை ஐயா? எனக்கா, அவருக்கா? அவருடைய அச்சத்தை அமைதி என்று படம்பிடித்து ஊரெல்லாம் ஒட்டினேனே, அதுவா பரவாயில்லை? அன்போடு சொல்லித்தருகிறேன் என்று மார்தட்டினேனே, யாருக்குச் சொல்லித்தருகிறேன் என்று பார்த்தேனா? வெட்கமாக இருக்கிறது. சொல்லச் சொல்ல இன்னும் வெட்கமாக இருக்கிறது. முன்வரிசையில் உட்கார வைக்கிறேன், திரும்ப வாருங்கள் என்று கூப்பிட்டேன். வரமாட்டேன் என்றார். அவர் வரவேண்டிய கடமை ஒன்றும் இல்லை.

தலைவர் அவர்களே, இந்தப் பட்டம் எனக்கு வேண்டாம். நான் தோற்கடித்த தீர்மானத்தை இன்றே மறுபடி எடுங்கள், முதல் கை என்னுடையது. விதியை எழுதுங்கள், தேர்வு வையுங்கள், அதில் முதல் ஆளாக என்னை உட்கார வையுங்கள். தேறும்வரை என் வகுப்புக்குப் பூட்டு. பட்டம் வாங்க வந்தவன் பழியைச் சொல்லப் பொறுத்துக் கேட்ட அவைக்கு நன்றி. வணக்கம்.